திருவனந்தபுரத்தில் மருத்துவமனைக் கட்டடங்களின் தோற்றம்

முன்னுரை

நோயாளியைத் தங்கவைத்துப் பேணும் இடத்தைத் தமிழகம் மிக முன்னரே அறிந்திருந்தது. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் எழுந்த திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலையையும் அங்குப் பணியாற்றிய மருத்துவர், அறுவை மருத்துவர், பணிப்பெண்டிர் ஆகியோரையும் குறிக்கின்றது. ஆயின் அது கோயிலின் ஓர் அங்கம். கோயிற் பணியாளரும் அங்குப் பயின்ற மாணவருமே அதன் பயனைப் பெற்றனர். கோயிலைச் சாராது, குடிகள் அனைவர்க்கும் உரியதாக அரசு எழுப்பும் மருத்துவமனைக்கு வேறோர் இடமும் வேறோர் அமைப்பும் வேண்டியிருந்தன. திருவனந்தபுரத்தைக் கொண்டு இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கின்றது.

அறச்சாலையும் மருத்துவமனையும்

திருவிதாங்கூர் அரசின் கொடை நெடுங்காலம் ஊட்டுப்புரைகளாக வடிவெடுத்தது. பத்மநாபபுரம் அரண்மனையில் இன்றும் காணப்படும் இருதள ஊட்டுப்புரை, தளத்திற்கு ஏறத்தாழ 1000 பேர் அமர்ந்துண்ணத் தக்க நீண்ட கூடங்களை உடையது. பலர் கூடும் பெருங்கூடம் கட்டுதல் இந்நாட்டுத் தச்சர்க்குப் புதிதன்று என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் ஊட்டுப்புரைகளின் கொடை பெரிதும் அந்தணர்க்கே உரியதாயிருந்தது.

இராணி கௌரி இலட்சுமிபாய் ஆட்சியில், 1813இல் அம்மைப்பால் குத்தும் முறை புகுந்தது. 1838இல் நெய்யூரில் இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி தொடங்கிற்று. ஆயில்யம் திருநாள் மன்னரும் திவான் மாதவராவும் ஆண்ட காலத்தில், 1865இல், தலைநகரின் பொது மருத்துவமனை உருப்பெற்றது. எல்லா வகுப்பினர்க்கும் நல்ல மருத்துவம் எட்டச் செய்வது அரசின் கடமை என மன்னர் அதன் அடிக்கல் நாட்டு விழாவில் அறிவித்தார்.

இம்மருத்துவமனை பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டைக்கு வெளியே அமைந்தது. அதே 1865இல் தலைமைப் பொறியாளர் வில்லியம் பார்ட்டனின் பொறுப்பில் தலைமைச் செயலகத்திற்கும் கோட்டைக்கு வெளியே அடிக்கல் நாட்டப்பெற்றது. அப்பணி 1869இல் முடிந்தது. கோயிலை நடுவாகக் கொண்ட நகருக்கு அருகே, அலுவலகத்தையும் மருத்துவமனையையும் கொண்ட மற்றொரு நகர் எழலாயிற்று.

காற்றும் கட்டடமும்

அக்கால ஐரோப்பிய மருத்துவமனைக் கட்டடக் கலையை ஆண்டது, கெட்ட காற்றே நோயைப் பரப்புகின்றது என்னும் கொள்கை. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்டு 1863இல் விரித்தெழுதிய மருத்துவமனை பற்றிய நூல், ஒரு கூடத்திற்கு 30 அளவில் படுக்கைகளையும், எதிரெதிர்ச் சுவர்களில் இரு படுக்கைக்கு ஒன்றெனினும் சாளரத்தையும் வேண்டிற்று. நாற்புறமும் அடைபட்ட முற்றத்தில் காற்றுத் தேங்கும் என அது கண்டித்தது.

இவ்விதிகளைக் கேரள மரபோடு ஒப்பிடுதல் பயன் தரும். நடுமுற்றத்தை நோக்கிய நாலுகெட்டு அமைப்பு அக்கொள்கைக்கு முரணானது. ஆனால் அம்மரபின் செங்குத்தான ஓட்டுக் கூரையும், வெப்பக்காற்றை வெளியேற்றும் முகப்பு முக்கோணமும், ஆழ்ந்த திண்ணையும் அதற்குத் துணையாவன. இரு பருவமழை பெறும் ஊரில், திறந்த சாளரத்தின் வழி மழைச்சாரல் புகாதிருக்கத் தாழ்வாரம் இன்றியமையாதது. நுண்ணுயிர்க் கோட்பாடு நிலைபெற்ற பின்னர்க் கெட்ட காற்றுக் கொள்கை வீழ்ந்தது. காற்றோட்டமுள்ள கூடத்தின் பயன் வீழவில்லை.

பிறிதொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. மரபு இல்லத்தில் யார் எதுவரை வரலாம் என்பதைச் சாதியின் தீட்டு வரையறுத்தது. இப்புதிய கூடத்தின் விதியில் இரு படுக்கைகளுக்கு இடைப்பட்ட தொலைவைக் காற்றின் தேவையே வரையறுத்தது.

பிரிந்து வளர்தல்

இன்று ஊளம்பாறையில் இயங்கும் மனநல மருத்துவமனை 1870இல் தோற்றம் பெற்றது. தைக்காட்டில் மகளிர், குழந்தைகள் மருத்துவமனை வளர்ந்தது. 1916இல் அதில் பணியேற்ற மேரி பூனன் லூக்கோஸ், 1938இல் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அதிகாரியானார். 1951 நவம்பர் 27இல் நேரு திறந்துவைத்த மருத்துவக் கல்லூரி, பழைய நகருக்கு வடக்கே பரந்த வளாகமாக எழுந்தது. நோயாளரை வகைப்படுத்திப் பிரித்தல் ஒரு கட்டடத்தின் எல்லையைக் கடந்து, நகரின் அமைப்பையே வரைந்தது எனலாம்.

முடிவுரை

கட்டடம் மட்டுமே சமத்துவத்தை நல்கிவிடாது. பொது மருத்துவமனை எழுந்து 59 ஆண்டுகள் கழிந்த பின்னும், கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. ஆலய நுழைவு அறிவிப்பு 1936இலேயே வந்தது. எனினும் குடிகள் அனைவர்க்கும் அரசு கடமைப்பட்டது என்னும் சொல், கோயில் வாயில் திறப்பதற்கு 71 ஆண்டுகள் முன்னரே ஒரு மருத்துவமனையின் அடிக்கல்லோடு பொதுவில் ஒலித்தது. திருவனந்தபுரத்தின் பழைய மருத்துவமனைக் கட்டடங்கள் பேணப்பட வேண்டுவதற்கு அவற்றின் அழகினும் இதுவே வலிய காரணமாகும்.