பரமபதம்: பேரு தொலைஞ்ச பாம்புகள்

பாம்பும் ஏணியும் வெள்ளைக்காரன் நம்மகிட்ட இருந்து திருடிட்டுப் போன ஆட்டம்னு ஒரு கட்சி. அதெல்லாம் இல்ல, லண்டன்காரன் அட்டையில அச்சடிச்சு வித்த சரக்குதான் அது, அதுக்கு நாம ஏன் சொந்தம் கொண்டாடணும்னு இன்னொரு கட்சி. மார்கழியில வைகுண்ட ஏகாதசி வந்தாப் போதும், இந்தச் சண்டையும் கூடவே வந்துடும். ரெண்டு பக்கமும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சுங்க. ஆட்டம் போனது உண்மை, திரும்பி வந்ததும் உண்மை. ஆனா போற வழியிலயும் வர்ற வழியிலயும் ஒண்ணு கழண்டு விழுந்துடுச்சு. அதைப் பத்தி யாரும் பேசறதில்ல. அதைத்தான் எழுதப் போறேன்.

பரமபதம் பாக்காத இளவட்டங்களுக்காக மொதல்ல படத்தைச் சொல்லிடறேன். "பரமபத சோபான படம்"னு மேல போட்டிருக்கும். சோபானம்னா படிக்கட்டு. அடியில இடது மூலையில ஆரம்பிச்சு வலப்பக்கம் போயி, அடுத்த வரிசையில இடப்பக்கம் திரும்பி, ஏர் உழுற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு மேல ஏறணும். உச்சியில வைகுண்டம், பெருமாளும் தாயாரும். அதுக்குக் கீழ பல லோகங்கள். நடுவுல ஏணிகளும் பாம்புகளும். அட்டையில வர்ற 100 கட்ட ஆட்டத்துக்கும் இதுக்கும் மேலோட்டமா பாத்தா பெரிய வித்தியாசம் தெரியாது. கிட்டப் போயி பாத்தாத்தான் தெரியும்: ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு பேரு இருக்கும். நரகாசுரன், இரணியன், இராவணன்னு அசுரன் பேரு, இல்லாட்டி ஒரு பாவத்தோட பேரு. ஏணிக்கு நல்ல குணங்களோட பேரு. பாம்பு கடிச்சா சும்மா நாலு வரிசை இறங்கறதோட முடியாது. பல படங்கள்ல அடி வரிசையில விலங்குகளும் பறவைகளும் இருக்கும். இன்ன பாவம் செஞ்சே, போயி இன்ன பிறவி எடுன்னு அர்த்தம்.

இப்ப ஆட்டத்துக்கு வருவோம். பகடைன்னதும் ஆறு பக்கம் இருக்கற கட்டைன்னு நெனச்சுடாதீங்க. நம்மூர் தாயக்கட்டை நீளமா, நாலு பக்கம் இருக்கற பித்தளைக் கட்டை. ஒரு ஜோடி. ஒவ்வொண்ணுலயும் 1, 2, 3ன்னு புள்ளி, ஒரு பக்கம் வெறுசா இருக்கும். ரெண்டையும் உள்ளங்கையில வெச்சு உருட்டி விடணும். ரெண்டுலயும் வெறும் பக்கம் மேல வந்தா 12. ஒண்ணுல 1, இன்னொண்ணுல வெறுசு வந்தா அதுதான் தாயம். தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும், அதுவரைக்கும் வேடிக்கை பாக்கணும். 1, 5, 6, 12 விழுந்தா மறு ஆட்டம் உண்டு. உச்சிக்கட்டத்துக்குப் போறப்ப சரியான எண்ணு விழணும், கூட விழுந்தா காய் நகராது. இதுல வீட்டுக்கு வீடு சட்டம் மாறும், அதுக்காக அடிதடி எல்லாம் நடந்திருக்கு :-)

கட்டை இல்லாத வீட்டுல புளியங்கொட்டை. ஒரு பக்கத்தைக் கல்லுல தேச்சு வெள்ளையாக்கிட்டா முடிஞ்சது. ஆறு கொட்டையைக் குலுக்கிப் போட்டு எத்தனை வெள்ளை மேல வருதோ அத்தனை எண்ணு. எல்லாமே கறுப்பா விழுந்தா 12. சோழிக்கும் இதே கணக்குத்தான்.

ஒருநாள் சும்மா உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன். கட்டையில மொத்தம் 16 விதமா விழலாம். அதுல தாயம் 2. அதாவது சராசரியா எட்டு தடவை உருட்டினா ஒரு தாயம். ஆறு கொட்டையில 64 விதம், தாயம் வர்றது 6 தான். கொட்டை ரெண்டு பக்கமும் சமமா விழுதுன்னு வெச்சுக்கிட்டாலும் ஏறக்குறைய பதினோரு தடவை காத்திருக்கணும். மறு ஆட்டம் கட்டையில 16க்கு 6, கொட்டையில 64க்கு 14. அப்படின்னா கொட்டையில ஆடற வீட்டுல ஆட்டம் கெடையா கெடக்கும். ராத்திரி பூரா முழிச்சிருக்கறதுக்குன்னே ஆடற ஆட்டத்துக்கு இது குறையே இல்ல. வேகமா முடிஞ்சா தூக்கம் வந்துடுமே!

இனி வரலாறு. ஞானேஸ்வரர்தான் 13ஆம் நூற்றாண்டுல இதைக் கண்டுபிடிச்சார்னு எல்லா எடத்துலயும் எழுதறாங்க. அதுக்கு அந்தக் காலத்துச் சான்று ஒண்ணும் கிடையாது. இன்னைக்கு நம்ம கைக்குக் கெடைச்சிருக்கற பழைய படங்கள் எல்லாம் 18ஆம் நூற்றாண்டைச் சுத்தித்தான் ஆரம்பிக்குது. ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துல இருந்த ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்டு இந்தப் படங்களை ஊர் ஊராத் தேடிச் சேத்து 1985ல ஒரு கட்டுரை எழுதினார். வடக்கே இதுக்கு ஞான சௌபர்னு பேரு. அவர் காட்டின விஷயத்துல எனக்குப் பிடிச்சது என்னன்னா, இது ஒரே மதத்து ஆட்டம் இல்ல. சமணர்களுக்கு 84 கட்டம், வைணவர்களுக்கு 72, சூஃபிகளுக்கு நூத்தைச் சுத்தி ஒரு கணக்கு. உச்சியில யாரு உக்காந்திருக்காங்கறது மாறும், பாம்பு மாறாது. ஆந்திராவுல வைகுண்டபாளின்னு சொல்றாங்க.

அந்த 72 கட்டப் படத்துல ஒரு குசும்பு இருக்கு. வைகுண்டம் கடைசிக் கட்டத்துல இல்ல, 68ல இருக்கு. சரியா அங்க நிக்கணும். 54ல பக்தி ஏணி கெடைச்சா நேரா 68. அதைத் தாண்டிப் போயிட்டீங்கன்னா 72ல தாமச குணம்னு ஒரு பாம்பு வாயைத் தொறந்துட்டு இருக்கும், மறுபடி பூமிக்கு அனுப்பிடும். கெட்ட சகவாசத்துக்கு 24ல ஒரு பாம்பு. சாமியைத் தாண்டிப் போனாலும் ஆபத்துன்னு யோசிச்ச ஆளு யாரோ, பெரிய ஆளுதான்!

ஐரோப்பாவுலயும் பகடை உருட்டி ஓடற விலங்கு ஆட்டம் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. வாத்து ஆட்டம்னு இத்தாலியில 16ஆம் நூற்றாண்டுல கெளம்பினது. 63 கட்டம், நத்தைக்கூடு மாதிரி சுருண்டு உள்ள போகும். வாத்துப் படத்துல நின்னா மறுபடி அதே எண்ணு போகலாம். 31ல கெணறு, 52ல ஜெயிலு, 58ல சாவு. அங்க அது காசு வெச்சு ஆடற ஆட்டம். 58ல ஏன் செத்தேன்னு கேட்டா பதில் கெடையாது, எண்ணு அப்படி விழுந்துச்சு, அவ்வளவுதான். நம்ம படத்துல அப்படி இல்ல, ஏன் விழுந்தோம்ங்கறது பாம்பு தலைமேலயே எழுதியிருக்கும்.

படம் இங்கிலாந்து போன கதைக்கு ஒரு நல்ல தடயம் இருக்கு. 1831ல ராபர்ட்சன்னு ஒரு ராணுவ அதிகாரி 124 கட்டம் இருக்கற வைணவப் படம் ஒண்ணை லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டிக்குக் குடுத்தார். 1890கள்ல லண்டன் பொம்மைக் கம்பெனிகள் "ஸ்னேக்ஸ் அண்ட் லேடர்ஸ்"னு அச்சடிச்சு விக்க ஆரம்பிச்சாங்க. ஆரம்பத்துல அவங்க பேரை எடுக்கல, மாத்தினாங்க. சிக்கனம், உழைப்பு, மனம் வருந்தறது இதெல்லாம் ஏணி. சோம்பல், கீழ்ப்படியாமை, ஆடம்பரம் பாம்பு. வைகுண்டம் எறங்கி வந்து "வெற்றி"யாச்சு, விலங்குப் பிறவி போயி வறுமை, நோய், அவமானம் ஆச்சு. இன்னொண்ணும் செஞ்சாங்க. நம்மகிட்ட பாம்பு ஜாஸ்தி, ஏணி கம்மி. அவங்க ரெண்டையும் சமமாக்கிட்டாங்க. இப்ப பரவலாச் சுத்தற ஒரு 100 கட்டப் பட்டியல்ல 12 பாம்புக்கு 5 ஏணிதான். அதுல 69ல கடன், 73ல கொலை. வட்டிக்கு வாங்கினவங்களுக்கு இந்த வரிசை புரியும்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அந்த இங்கிலீஷ் பேரும் போச்சு. அமெரிக்காவுல 1943ல மில்டன் பிராட்லி கம்பெனி பாம்பையே தூக்கிட்டு சறுக்குமரம் வெச்சுட்டாங்க. குழந்தைங்க பாம்பைப் பாத்து பயப்படுமாம். ஆனா அவங்க குழந்தை செய்யற நல்லது கெட்டதைப் படமா போட்டாங்க, அந்த மட்டுக்கும் பரவால்ல. நம்ம கடைக்கு வந்த அட்டைதான் மோசம். ஒரு பக்கம் லூடோ (அதுவும் நம்ம பச்சிசியில இருந்து போயி வந்ததுதான்), திருப்பினா பாம்பு. பச்சையில ஒண்ணு, செகப்புல ஒண்ணு. பேரும் இல்ல ஊரும் இல்ல. 98ல கடிச்சுது, ஏன் கடிச்சுதுன்னு கேக்க ஆளில்ல. கழண்டு விழுந்துச்சுன்னு நான் சொன்னது இந்தப் பேரைத்தான்.

ஆனா பேரு போனதுக்கு லண்டன்காரனை மட்டும் குத்தம் சொல்றது எனக்குச் சரியாப் படல. பரமபதப் படம் இன்னைக்கும் அச்சாகுது, கோயில் வாசல் கடையில கெடைக்கும். பேரும் போட்டுத்தான் வருது. அதை நாமதான் வாய்விட்டுப் படிக்கறதில்ல.

எங்க அமுச்சி வீட்டுல அது ஒரு சட்டம். அமுச்சிக்கு எழுத்துத் தெரியாது. அதனால பாம்பு யாரைக் கடிச்சாலும், கடி வாங்கினவங்க அந்தப் பேரை எழுத்துக்கூட்டிப் படிச்சுக் காட்டணும். படிச்சாத்தான் கீழ எறங்கலாம். எறங்கறதுக்கு எதுக்கு அவசரம்னு கேக்கறீங்களா? படிக்கற வரைக்கும் உங்க அடுத்த ஆட்டம் நிறுத்தம்! நாலாவது படிச்சுட்டு இருந்த எனக்கு "ஹிரண்யாக்ஷன்" வாயில நுழையவே இல்ல. வகுப்புல அந்த எழுத்தெல்லாம் வந்ததா ஞாபகமே இல்ல, ஏகாதசி ராத்திரி சிம்னி வெளக்குலதான் கத்துக்கிட்டேன். பேரைப் படிச்சதும் அமுச்சி அந்த அசுரன் கதையை எடுத்துவிடும். கதை முடியற வரைக்கும் கட்டை உருளாது. ஒரு ஆட்டம் விடியற வரைக்கும் போனது இப்படித்தான்.

இதுல இன்னொரு வேடிக்கை. படம் வரைஞ்ச புண்ணியவான் விலங்காப் பொறக்கறதைத் தண்டனைன்னு வெச்சிருக்கார். எங்க மூலனூர்ப் பக்கம் அந்தத் தண்டனை செல்லுபடியாகாது. தாராபுரத்துல இருந்து கரூர் போற ரோட்டுல இருக்கற மேட்டாங்காட்டு ஊருங்க இது. மழை கம்மி. பருத்தி, முருங்கை போக மிச்சமெல்லாம் கொறங்காடு, அதாவது கிளுவை வேலி கட்டி, வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமா விட்டு வெச்ச மேய்ச்சல் காடு. ஆடும் மாடும் இல்லாட்டி அந்தக் காலத்துல இங்க பொழப்பே இல்ல. பக்கத்துல கன்னிவாடியில ஆட்டுச் சந்தை பேர்போனது. இப்படிப்பட்ட ஊருல போயி, பாம்பு கடிச்சு நீ மாடாப் பொறந்துட்டேன்னா எந்தப் பையன் அழுவான்? என் சின்னம்மா மகன் ஒருத்தன் வேணும்னே பாம்பு கட்டத்துக்கு எண்ணு கேட்டு உருட்டுவான். ஒருதடவை நாயா எறங்கினவ அழுதப்ப அமுச்சி சொன்னது, "நாயாப் பொறந்தா என்ன சாமி, பட்டிக்குக் காவலாச்சு." சாஸ்திரம் தெரிஞ்சவங்க கேட்டா என்ன சொல்லுவாங்களோ! எனக்கு அந்தத் தீர்ப்புதான் சரின்னு படுது. மேல இருந்து வந்த படத்தை எங்க சனம் அப்படியே வாங்கிக்கல, வாங்கித் தன் கணக்குக்குத் திருத்திக்கிட்டாங்க.

(ஆடு புலி ஆட்டத்தை விட்டுட்டியேன்னு கேப்பீங்க. அது 3 புலி, 15 ஆடு, பகடையே கெடையாது, முழுக்க மூளை. அதுக்குத் தனியா எழுதணும்.)

2009ல ஈரோட்டுல இருந்து பிரிச்சு எங்களைத் திருப்பூர் மாவட்டத்துல சேத்தாங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே ஊருல பாதி திருப்பூரை நம்பித்தான் இருந்துச்சு. விடியறப்ப பனியன் கம்பெனி வண்டி வந்து நிக்கும். ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டு ராத்திரி வீடு திரும்பற பொண்ணுகிட்ட, ஏகாதசிக்குக் கண்ணு முழின்னு எந்த வாயால சொல்றது? மறுநாள் ஊசி விரல்ல ஏறிடும். ஆட்டம் போனதுக்குச் சோம்பேறித்தனம், நாகரிகம்னு என்னென்னவோ சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்ச பெரிய காரணம் அந்த வண்டிதான். 2020 ஊரடங்குல கம்பெனி மூடினப்ப எல்லாருக்கும் நேரம் கெடைச்சது, ஆனா கையில இருந்தது போனுல லூடோ. நாலு பேரு ஒரே திண்ணையில உக்காந்து நாலு போனைப் பாத்துட்டு இருந்தாங்க.

அதனால விடிய விடிய ஆடணும்னு நான் யாரையும் சொல்லல. ஒரு மணி நேரத்துல முடியற மாதிரி எங்க வீட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியாச்சு. மூணு சுத்துல தாயம் விழலைன்னா சும்மாவே எறங்கிக்கலாம். உச்சியில சரியான எண்ணு மட்டும் கண்டிப்பா வேணும். பேரு படிக்கற சட்டத்துல கை வைக்கல. இங்கிலீஷ் மீடியத்துல படிக்கற என் அக்கா பேத்தி போன ஏகாதசிக்கு "நரகாசுரன்" படிக்கறதுக்குள்ள நாங்க எல்லாம் ஒரு காப்பி குடிச்சு முடிச்சோம். அவளுக்குக் கதை சொல்ல வேண்டிய பொறுப்பு இப்ப எனக்கு, அதுக்காக ரெண்டு நாள் முன்னாடியே படிச்சு வெச்சுக்க வேண்டியிருக்கு.

கட்டை பித்தளையில கெடைச்சா வாங்குங்க, இல்லாட்டி ஆறு புளியங்கொட்டை போதும். தேய்க்கறப்ப தண்ணி தொட்டுக்கங்க, இல்லன்னா விரல் சூடு தாங்காது. காய்க்கு எதையும் தேட வேண்டியதில்ல. நாங்க ஆளுக்கொரு நெறத்துல சட்டைப் பொத்தான் வெச்சு ஆடறோம். எங்க பக்கம் அதுக்கு மட்டும் பஞ்சமே இல்லைங்க.