சீதாவாக்கைப் படையும் சிற்றுருவங்களும்

பண்டைப் படைகளைச் சிற்றுருவங்களாகச் சமைத்து, மேசைமீது நிறுத்திப் போர் நிகழ்த்தும் வழக்கம் மேனாட்டில் வேரூன்றிய ஒன்று. பிரசிய இராணுவம் 1824ஆம் ஆண்டளவில் இதனை அதிகாரிகளின் பயிற்சிக்கெனக் கைக்கொண்டது, எச். ஜி. வெல்ஸ் 1913இல் இதற்கு விதிநூலே எழுதினார். விளையாட்டென்று இதனை எள்ளுதல் வேண்டா. படையொன்றை உருவமைக்கப் புகுவோன், பாடநூலார் 'பெரும்படை' என்னும் ஒரு சொல்லாற் கடந்துசெல்லும் வினாக்கள் அனைத்துக்கும் விடை கண்டாகல் வேண்டும். இன்றைய அவிசாவளையாகிய சீதாவாக்கையிலிருந்து சபரகமுவாப் பகுதியை ஆண்ட முதலாம் இராசசிங்கனின் படையை இவ்வாறு அமைக்கப் புகின், முதல் வினா தொகை பற்றியது.

1587இல் அம்மன்னன் போர்த்துக்கேயரின் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டான். அவன் படையிற் போர்வீரர் 50,000, ஏவலாளர் 60,000, யானைகள் 2,200, பொதியெருதுகள் 40,000 என்பது போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கோத்தோவின் கணக்கு. பகைவரின் தொகையைப் பெருக்குவோர் தம் வெற்றியையும் பெருக்குவோரே. யானையொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் தழை உண்ணும். 2,200 யானைகளுக்கு நாடோறும் 330 தொன் வேண்டும். முற்றுகையோ மாதக்கணக்கில் நீடித்து 1588இலேதான் முடிந்தது. எனவே எண்களை அப்படியே ஏற்றல் அரிது. விகிதமோ வேறு. கோட்டைக்கு அரணாயிருந்த ஏரியை வாய்க்கால் வெட்டி வடிப்பித்தவன் இராசசிங்கன். அதற்கு மண்வெட்டி பிடித்தோர் வாள் பிடித்தோரினும் மிக்கிருந்தனர் என்பது பொருந்தும். அவ்விகிதப்படி நூறு உருவங்கள் செய்வோன், ஐம்பத்தைந்தின் கையில் மண்வெட்டியும் கூடையும் கொடுத்தல் வேண்டும். விற்பனைக்கு வரும் பொம்மைப் படைகளில் இவர்களைக் காண்பது அரிது.

உடையும் கருவியும் எளிதில் தெளியப்படுவனவல்ல. இரத்தினபுரிச் சமன் தேவாலயத்துக் கற்பலகையொன்றில், கவசமணிந்த போர்த்துக்கேயன் ஒருவன் சிங்கள வீரனை வீழ்த்தி நிற்கின்றான். இத்தகைய சிற்பம் வென்றோர் பெருமை பேசுவதாதலின், தோற்றோர் கோலத்திற்கு அதனை முழுச்சான்றாகக் கொள்ளலாகாது. துவக்கு முதலியவற்றில் காலமயக்கம் எளிதில் நேரும். ஒல்லாந்தர் 1765இல் கண்டியிற் கவர்ந்து, 2023இல் இலங்கைக்கு மீட்டளித்த பீரங்கியும் துவக்குகளும் வேலைப்பாடு மிக்கவை. ஆயினும் அவை கண்டியரசின் பொருள்கள். கேகாலைப் பகுதியான நாலு கோறளையின் சூரிய சந்திரக் கொடியும் கண்டியரசுக் காலத்திலேயே புகழ்பெற்றது. இவற்றைச் சீதாவாக்கை வீரன் கையிற் கொடுப்பது, தாத்தாவுக்குப் பேரன் சட்டையை அணிவிப்பது போலாம்.

எல்லாவற்றினும் கடினமானது, எவரை எப்பக்கம் நிறுத்துவதென்பது. சிங்களர் மட்டுமே திரண்ட படையன்று இது. தென்னிந்தியாவிலிருந்து வந்த அரிட்ட கீவெண்டு பெருமாள் என்பான், இராசசிங்கனிடம் மன்னம்பெரும மொகொட்டாலை என்னும் பட்டம் பெற்றுப் படைத்தலைவனாய் விளங்கினான். பெயரே அவன் பிறந்த திசையைச் சொல்லும். 1593இல் மன்னன் இறந்தபின், அவனே போர்த்துக்கேயர் பக்கம் சேர்ந்து, சயவீர பண்டாரன் எனப்பட்டுக் கண்டிமேற் சென்றான். 1594இல் அவன்மீது ஐயங்கொண்ட போர்த்துக்கேயர் அவனைக் கொன்றனர். உடனே லஸ்கரின்கள் எனப்பட்ட உள்நாட்டுப் படையினர் பெருந்தொகையாக விலகினர். எஞ்சிய போர்த்துக்கேயப் படை தந்துறையில் அழிந்தது.