வானொலி அலைவரிசை ஒதுக்கீடு (இந்தியா)

எந்தச் சேவை, எந்த இடத்தில், எவ்வளவு திறனோடு எந்த வானொலி அலைவரிசையைப் பயன்படுத்தலாம் என்று அரசு வகுத்துக் கொடுக்கும் முறை. ஒரே அலைவரிசையில் அருகருகே இரண்டு ஒலிபரப்பிகள் இயங்கினால் இரண்டுமே தெளிவாகக் கேட்காது. இந்த ஏற்பாட்டுக்கு அதுவே காரணம். பழவேற்காட்டு ஏரியில் வழிவழியாக இருந்துவரும் ‘பாடு’ முறையும் ஏறத்தாழ இதுதான்: யார், எந்த இடத்தில், எந்த முறைக்கு வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முடிவு செய்யும். ஏரிக்கு ஊர்ப் பஞ்சாயத்து போதும். அலைகளுக்கு நாட்டின் எல்லையும் தடையில்லை என்பதால் அங்கே பஞ்சாயத்து உலக அளவில் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதல் பங்கு கப்பல்களுக்கே கிடைத்தது. 1906இல் பெர்லினில் கூடிய மாநாடு கப்பல் தந்திக்கென 300, 600 மீட்டர் அலைநீளங்களைக் குறித்தது. 1927இல் வாஷிங்டன் மாநாடு சேவைவாரியான அட்டவணையை வகுத்தது. இன்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகை மூன்று வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறது. இந்தியா மூன்றாவதில் இருக்கிறது.

இந்தியாவில் தந்தி நடத்தும் உரிமை அரசுக்கே உரியது என்று 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் சொல்லிவிட்டது. வானொலிக்கு முந்திய அந்தச் சட்டமே பின்னர் வானொலியையும் ஆண்டது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மதராஸ் மாகாண வானொலிக் கழகம் அதே ஆண்டு ஒலிபரப்பைத் தொடங்கி, பணமில்லாமல் 1927இல் நின்றுபோனது. 1933இல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இன்றி வானொலிக் கருவியை வைத்திருப்பதே குற்றமானது. வீட்டு ரேடியோவுக்குத் தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிய பழக்கம் 1980கள் வரை நீடித்ததைப் பெரியவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

1952இல் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கம்பியில்லாத் தொடர்பு திட்டமிடல், ஒருங்கிணைப்புப் பிரிவு உருவானது. ஒதுக்கீடு, உரிமம், பிற நாடுகளோடு பேச்சு ஆகிய மூன்றும் இதன் கையில்தான். கோபுரம் எழுப்பும் இடத்துக்கு இசைவு தருவதற்குத் தனி நிலைக்குழு உண்டு. விமானப் பாதைக்கு இடையூறா, பக்கத்து நிலையத்தைக் குலைக்குமா என்று அது பார்க்கிறது. காதுக்கு எட்டாத இந்த அலுவல் ஒழுங்காக நடந்தால் யாருக்கும் தெரியாது. ஒரே அலைவரிசையைத் தொலைதூர ஊர்களுக்கு மீண்டும் கொடுப்பதும் ஒதுக்கீட்டு வேலையில் அடங்கும். கிண்டியில் 2004இல் தொடங்கிய அண்ணா எஃப்.எம்.மும் பாம்பன் மீனவர்களின் ‘கடல் ஓசை’யும் 90.4 மெகாஹெர்ட்ஸில்தான் ஒலிக்கின்றன. திறன் குறைவு, இடைவெளியோ நானூறு கிலோமீட்டருக்கு மேல்.

அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அந்தச் சொத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி 2008இல் வெடித்தது. ‘முதலில் வந்தவருக்கு முதலில்’ என்று தரப்பட்ட 2ஜி உரிமங்கள் 122ஐயும் நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2 அன்று ரத்து செய்தது. இதையொட்டி நடந்த குற்ற வழக்கிலோ 2017 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையாயினர். எல்லா இயற்கை வளத்துக்கும் ஏலம் மட்டுமே வழி அல்ல என்று உச்ச நீதிமன்றமே 2012 செப்டம்பரில் விளக்கியது. ஆரவாரத்தில் பலரும் கவனிக்காத பகுதி இது. ஆனாலும் கைபேசி அலைக்கற்றை ஏலத்துக்குப் போனது. 2022 ஏலம் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி ரூபாயை எட்டியது.

ஏலத்துக்கு வெளியே நிற்பவை எவை என்பதைப் பழவேற்காட்டுக் கரையிலிருந்தே பார்க்கலாம். பசியாவரம் முதலிய மீனவர் ஊர்களுக்கு வடக்கே ராக்கெட் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபரில் ரோகிணி ஆய்வு ஏவுகலத்தோடு அங்கே ஏவுதல் தொடங்கியது. ஏவுகலம் தன் நிலையைத் தரைக்குச் சொல்வது, ரேடார் அதைப் பின்தொடர்வது, தடம் மாறினால் அழிக்கும் கட்டளை போவது எல்லாமே வானொலி அலைகளில்தான். குறுக்கீடு இருந்தால் ஆபத்து. ஏவும் நாளில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். அலைகளுக்கு எல்லை போடும் வேலை வெகு முன்னதாகவே காகிதத்தில் முடிந்திருக்கும்.

படகுக்காரர்களின் பங்கு சிறியது. உலகெங்கும் கடல்வழி வி.எச்.எஃப். கருவிகளில் ஆபத்துக்கும் அழைப்புக்கும் 16ஆவது சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். செயற்கைக்கோள் வழி ஆபத்து அழைப்புக்கு 406 மெகாஹெர்ட்ஸ். நேர்கோட்டில் செல்லும் வி.எச்.எஃப். அலை, தாழ்ந்த படகிலிருந்து அதிக தூரம் எட்டாது. கரைக் கோபுரத்தை நம்பும் கைபேசியும் அப்படியே.

2023 டிசம்பரில் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம் 1885, 1933 சட்டங்களின் இடத்தைப் பிடிக்க வந்தது. ஏலமின்றி அரசே நேரடியாக ஒதுக்கக்கூடியவற்றை அதன் முதல் அட்டவணை பட்டியலிடுகிறது: பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை, ஏவுகலப் பணி, கடல்வழித் தொடர்பு முதலியன. ராக்கெட்டும் படகும் ஒரே பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. 2024 ஆகஸ்டில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர்களைக் கட்டணமின்றிப் பொருத்துவது. கோபுரம் எட்டாத ஆழ்கடலிலிருந்தும் இருபுறமும் குறுஞ்செய்தி அனுப்ப அவற்றால் முடியும்.