பட்டமும் ஆசிரியர் பயிற்சியும்: தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதியின் வரலாறு

பட்டப்படிப்போடு ஆசிரியர் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டுகளில் முடிக்கும் முறை ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வி எனப்படும். அமெரிக்காவின் சிறிய கலைக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் பட்டம் படிக்கும்போதே பள்ளியில் கற்பித்துப் பழகுகிறார். மாநில அரசு வழங்கும் ஆசிரியர் உரிமத்துக்கும் அங்கேயே தகுதி பெறுகிறார். தமிழ்நாட்டில் பட்டம், பயிற்சி, தகுதிச் சான்று ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில் உருவாயின. பெரும்பாலோருக்கு இன்றும் அவை தனித்தனிப் படிகளே.

உத்திரமேரூர்க் கல்வெட்டு

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. ஊர்ச் சபை வாரியங்களுக்கு உறுப்பினராகத் தேவையான தகுதிகளை அவை வரையறுக்கின்றன. வயது, நிலம், சொந்த மனை ஆகியவற்றுடன், வேத நூல்களைப் பிறருக்கு ஓதுவித்து அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. இது நிலமுடைய பிராமண ஆண்களுக்கு மட்டும் உரிய விதி; ஆசிரியர் நியமன விதியும் அன்று. ஆயினும் ஒருவரது கல்வியை அவர் கற்பித்த அனுபவத்தைக் கொண்டு அளந்ததற்கு இது பழைய சான்று.

திண்ணைப் பள்ளியும் மன்றோவின் குறிப்பும்

திண்ணைப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி நிறுவனம் இருக்கவில்லை. மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சென்னை எழும்பூரின் ஆதரவற்ற சிறுவர் இல்லத்துக்கு 1789 முதல் பொறுப்பு வகித்த ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கு நடைமுறைப்படுத்தினார். அவர் 1797இல் லண்டனில் அது பற்றி நூல் வெளியிட்டதை அடுத்து, அம்முறை சென்னை முறை என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகள் குறித்துக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826ஆம் ஆண்டுக் குறிப்பில், ஆசிரியர்கள் பொதுவாக மாதம் ஆறு, ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்றும், தகுதியுள்ளோரை இத்தொழிலுக்கு ஈர்க்க அது போதாது என்றும் எழுதினார். தகுதியையும் ஊதியத்தையும் அவர் ஒன்றாகவே பார்த்தார்.

சைதாப்பேட்டை

1854ஆம் ஆண்டு உட்ஸ் கல்வி அறிக்கை ஆசிரியர் பயிற்சியை வலியுறுத்தியது. 1856இல் சென்னையில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அது பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. 1880களில் சென்னைப் பல்கலைக்கழகம் எல்.டி. என்ற கற்பித்தல் பட்டத்தை ஏற்படுத்தியது. முதலில் பட்டம், பிறகு பயிற்சி என்ற வரிசை இவ்வாறு நிலைபெற்றது. முதுகலை முடித்து மாநிலக் கல்லூரியில் பணியேற்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் 1910இல் சைதாப்பேட்டையில் பயிற்சி பெற்றார். எல்.டி. பின்னர் பி.டி. ஆகவும் பி.எட். ஆகவும் மாறியது. பட்டதாரி ஆசிரியரை பி.டி. அசிஸ்டெண்ட் என்று அழைக்கும் வழக்கு இன்றும் உண்டு.

நான்காண்டுப் படிப்பு

இந்தியாவில் இவ்வரிசையை மாற்றும் முயற்சி 1960களில் தொடங்கியது. 1963இல் அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய இடங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் நிறுவப்பட்டன. தமிழ்நாடு மைசூர் கல்லூரியின் எல்லைக்குள் வந்தது. பாட அறிவும் கற்பிக்கும் முறையும் ஒரே வளாகத்தில் நான்கு ஆண்டுகள் கற்பிக்கப்பட்டன. ஆனால் இது சில நிறுவனங்களுக்குள் நின்றது. 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானதால், பழைய வரிசையில் பட்டதாரி ஆசிரியராக ஐந்து ஆண்டுகள் தேவைப்படுகின்றன. தேசியக் கல்விக் கொள்கை 2020, நான்காண்டுப் படிப்பை 2030க்குள் ஆசிரியர்களின் குறைந்தபட்சத் தகுதியாக்க வேண்டும் என்கிறது.

தகுதித் தேர்வு

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டது. அதன்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 23 ஆகஸ்டு 2010இல் வெளியிட்ட அறிவிக்கை, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்குத் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டின் முதல் தேர்வு ஜூலை 2012இல் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியதில் தேறியவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதே ஆண்டு அக்டோபரில் துணைத் தேர்வு நடத்தப்பட்டது.

தேர்ச்சி மட்டும் பணியைத் தருவதில்லை. 2018இல் தமிழ்நாடு அரசு, நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வையும் அறிவித்தது. பயிற்சிக் காலத்தில் மாணவ ஆசிரியர் வகுப்பறையில் நின்று பாடம் நடத்துவதை மூத்தவர்கள் பார்த்து மதிப்பிடுகிறார்கள். தகுதித் தேர்வோ 150 கொள்குறி வினாக்கள் கொண்டது. வகுப்பறையில் அவர் கற்பிக்கும் விதம் அதில் அளக்கப்படுவதில்லை.

1 செப்டம்பர் 2025இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் இத்தேர்வில் தேற வேண்டும் என்றது. சிறுபான்மையினர் நிறுவனங்கள் பற்றிய கேள்வி கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

கிராமப்புறத்தில் இதன் பொருள்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள தாமல், பெரிய ஏரியால் அறியப்படும் ஊர். இத்தகைய ஊர்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு ஆசிரியர் வேலை நெடுங்காலமாகவே எட்டக்கூடிய அரசுப் பணியாக இருந்துவருகிறது. அவர்களுக்குப் படிப்பில் ஓராண்டு குறைவது ஓராண்டுக் கட்டணமும் ஓராண்டு வருமான இழப்பும் குறைவது. ஆனால் பதினேழு வயதிலேயே தொழிலை முடிவு செய்ய வேண்டிய கட்டாயமும் அதோடு சேர்ந்தே வருகிறது. படிப்பு சுருங்கினாலும் தகுதித் தேர்வும் நியமனத் தேர்வும் அதற்குப் பின் காத்திருக்கின்றன. நான்காண்டுப் படிப்பு முதல் இரண்டு படிகளை மட்டுமே இணைக்கிறது. பயிற்சி முடித்தவர் எப்போது வகுப்பறைக்குச் செல்வார் என்பதை அதனால் உறுதி செய்ய இயலாது.