ஒற்றைக் கொம்பன்: திரைச்சீலையிலும் திருமறையிலும்

செங்கற்பட்டிலிருந்து மாணவரோடு மாமல்லபுரக் கடற்கரைக்குச் செல்லும்போது சாளுவன்குப்பம் புலிக்குகையின் முன் சற்றே நிற்பது நம் வழக்கம். குகை வாயிலைச் சூழப் பதினொரு யாளித் தலைகள் உள்ளன. எவரும் காணாத விலங்கை இத்துணை உறுதியோடு எவ்வாறு செதுக்கினர் என ஒரு மாணவர் வினவினார். ஐரோப்பியத் திருச்சபையும் காணா விலங்கொன்றை நெடுங்காலம் நம்பிற்று. அதனைக் கம்பளியிலும் பட்டிலும் நெய்து வைத்தது. அவ்விலங்கின் தடம் நம் வேதாகமத்திலும் உண்டு.

கதை நம் நாட்டைப் பற்றியே தொடங்குகிறது. கி.மு. 400 அளவில் பாரசீக அரண்மனை மருத்துவராயிருந்த கிரேக்கர் க்தேசியாஸ், இந்தியாவில் ஒற்றைக் கொம்புடைய காட்டுக் கழுதைகள் உண்டென எழுதினார். அவர் கேள்வியுற்றது காண்டாமிருகமாகவே இருக்கவேண்டும். பின்னர் எபிரேயத் திருமறையைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர், 'ரெஏம்' என்னும் சொல்லுக்கு 'ஒற்றைக் கொம்பன்' எனப் பொருள்தரும் சொல்லை இட்டனர். ரெஏம் என்பதோ காட்டெருது. உபாகமம் 33:17 அதன் கொம்புகளைப் பன்மையிலேயே கூறுகிறது.

'பிசியொலோகஸ்' என்னும் பழைய கிரேக்க நூல் மேலும் ஒன்றைச் சேர்த்தது: வேடர்க்கு அகப்படாத இவ்விலங்கு கன்னியொருத்தியைக் கண்டால் தானே வந்து அடங்கும். இதனைத் திருச்சபை கிறிஸ்துவின் மனுவுருவாதலுக்கு அடையாளமாகக் கொண்டது. பெண்களால் நகருக்கு அழைத்துவரப்பட்ட கலைக்கோட்டு முனிவரின் கதையை இதனோடு ஒப்பிடும் அறிஞரும் உளர்.

இவ்வடையாளம் கி.பி. 1500ஐ ஒட்டி நெய்த திரைச்சீலைகளில் முழுமை பெற்றது. பாரிசின் க்ளூனி அருங்காட்சியகத்தில் ஆறு சீலைகள் உள்ளன. ஐந்து, ஐம்புலன்களைக் குறிப்பன. பார்வையைக் குறிக்கும் சீலையில் சீமாட்டி கண்ணாடி பிடிக்க, அவள் மடியில் முன்கால்களை ஊன்றிய விலங்கு தன் முகத்தையே அதில் காண்கிறது. ஆறாவதன் பொருள் குறித்து வழக்கு இன்னும் தீரவில்லை; தீராமலிருப்பதே நலம் எனத் தோன்றுகிறது.

நியூயார்க்கில் உள்ள ஏழு சீலைகள் வேட்டையைச் சொல்வன. பிரெஞ்சுப் புரட்சியில் கொள்ளைபோய், உழவர் கொட்டிலில் காய்கறிக்குப் போர்வையாகக் கிடந்து மீண்டவை அவை. வேடர் ஈட்டியால் விலங்கைக் கொல்கின்றனர். ஆயினும் ஒரு சீலையில் அது உயிரோடு, மாதுளை மரத்தில் சங்கிலியால் கட்டுண்டு, வேலிக்குள் அமர்ந்திருக்கிறது. வேலியோ தாழ்வானது, விரும்பினால் தாண்டிவிடலாம். அதன் வெண்மேனியில் உள்ள செந்துளிகள் குருதியல்ல, மாதுளைச் சாறு என்பர். உயிர்த்தெழுதல் என்பாரும் திருமணம் என்பாரும் உண்டு. நெய்தோர் இரண்டையும் கருதியிருக்கலாம்.

லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒற்றைக் கொம்பனையே ஏற்றன. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலோ 'காண்டாமிருகம்' நிற்கிறது. பிழைதான். ஆனால் க்தேசியாசின் கற்பனை, சுற்றிவந்து தான் பிறந்த விலங்கிடமே சேர்ந்துவிட்டது! இன்றைய மொழிபெயர்ப்பில் 'காட்டெருமை' என்று காண்கிறோம்.

சொல்லைத் திருத்தினால் போதுமா என மாணவர் கேட்டனர். 22ஆம் சங்கீதத்தைப் பார்க்கச் சொன்னோம். பாடுபடுகிறவர் கூப்பிடுவது அதே விலங்கின் கொம்புகளின் நடுவிலிருந்து. திருமறையில் குத்துவதற்கு நின்ற விலங்கை, நெய்தோர் குத்துண்ட ஆண்டவராகவே ஆக்கிவிட்டனர். பெரிய வெள்ளியன்று அச்சங்கீதத்தைப் பழைய மொழிபெயர்ப்பிலேயே வாசிக்கிறோம். வாசிக்குமுன், அது இரு கொம்புள்ள காட்டெருது என்று சபைக்குச் சொல்லிவிடுகிறோம்.