கூட்டாளிக்குக் குறுக்கே ஒரு திரை

1978இல் எங்கள் வங்கியின் மனமகிழ் மன்றத்தில் நான் பிரிட்ஜ் பழகியபோது ஏலத்தை வாயால்தான் கேட்போம். 'ஒன் ஸ்பேட்', 'டூ ஹார்ட்ஸ்', 'பாஸ்'. என் பார்ட்னராக இருந்த கேஷியர், கை பலமாக இருந்தால் 'ஒன்'னை இழுப்பார்; சுமாராக இருந்தால் விழுங்கிவிடுவார். மூன்றே மாதத்தில் எனக்கென்ன, டீ கொண்டுவரும் பையனுக்கே அது விளங்கிவிட்டது. அதை ஏமாற்று என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. ஊர்த் திண்ணையில் இருபத்தெட்டு ஆடும்போது செய்யாத சைகையா?

பிரிட்ஜின் வரலாறே கூட்டாளிகளைப் பேசவிடாமல் செய்த வரலாறுதான் என்று பிற்பாடுதான் புரிந்தது. 1925இல் ஹெரால்டு வாண்டர்பில்ட் பனாமா கால்வாய் வழியாகப் போன 'ஃபின்லாண்ட்' கப்பலில் நண்பர்களோடு காண்ட்ராக்ட் முறையை ஆடிப் பார்த்தார். ஏலத்தில் கேட்டிருந்தால்தான் கேம், ஸ்லாம் போனஸ் எல்லாம் என்று ஆனதும், எதிரே இருக்கும் கூட்டாளியின் கையை ஏலத்திலேயே கணித்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. அதற்குக் கொடுத்த சொற்களோ 35 ஏலம், அதோடு பாஸ், டபுள், ரீடபுள்: ஆக மொத்தம் 38. ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுகளின் சேர்க்கை 63,501 கோடிக்கும் மேல். அத்தனையையும் 38 சொல்லில் அடக்கு என்றால் குரல் இழுக்கத்தான் செய்யும்.

குரல் மட்டுமா? 1965இல் பியூனஸ் அயர்ஸ் உலகப் போட்டியில், சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் ஹார்ட் எத்தனை என்று சொல்லிக்கொண்டதாக பிரிட்டனின் ரீஸ், ஷாப்பிரோ ஜோடிமேல் புகார் வந்தது. உலக அமைப்பு குற்றம் என்றது. லண்டனில் நடந்த விசாரணை இல்லை என்றது. அறுபதுகளில் சுவீடன்காரர்கள் ஏலத்தை அட்டைகளில் அச்சடித்துப் பெட்டியில் போட்டார்கள். வாய்க்கு வேலை போயிற்று. 1975இல் பெர்முடாவில் மேசைக்கு நடுவே மரத்திரை வைத்தார்கள், முகமும் மறைந்தது. அப்போதும் ஓர் இத்தாலிய ஆட்டக்காரர் திரைக்கு அடியில் பார்ட்னரின் காலைத் தன் காலால் தொட்டார் என்று புகார். கடைசியில் மேசைக்கு அடியில் காபி மேசையைச் செருகிக் கால்களையும் பிரித்தார்கள். இதைப் படித்தபோது கேஷியரை நினைத்துச் சிரித்தேன்.

2020இல் கொரோனா வந்து கிளப்பைப் பூட்டியதும் எங்கள் நால்வரையும் நாலு வீட்டில் உட்கார வைத்தது. இதைவிடப் பெரிய திரை உண்டா? அணிப் போட்டியை இணையத்துக்கு மாற்றினோம்: எட்டு அணிகள், வாரம் ஒரு மாட்ச், ஏழு வாரம். மேசையில் விசேஷ ஏலத்துக்கு பார்ட்னர்தான் 'அலர்ட்' சொல்லுவார். இணையத்தில் என் ஏலத்துக்கு நானே விளக்கம் எழுத வேண்டும், அதை எதிராளிகள் மட்டும் படிப்பார்கள். நான் எழுதியதும் பார்ட்னர் புரிந்துகொண்டதும் வேறு வேறு என்பது ஆட்டம் முடிந்தபின்தான் தெரியும். நாற்பது வருஷப் பழக்கம் என்ற பெருமை முதல் வாரத்திலேயே போய்விட்டது. அதே வருஷம், இன்னொரு பெயரில் நுழைந்து நாலு கையையும் பார்த்து ஆடியதாக உலகப் பிரபலங்கள் சிலர் ஒப்புக்கொண்டார்கள். மரத்திரை காபி மேசையெல்லாம் எதற்கு என்று ஆகிவிட்டது.

எங்கள் சோதனை ஐந்தாவது வாரம் வந்தது. பார்ட்னர் ஒன் ஹார்ட். நான் டூ ஹார்ட்ஸ். என் இடப்பக்கத்து எதிராளி த்ரீ கிளப்ஸ். பார்ட்னரிடமிருந்து பதிலே இல்லை. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். பிறகு பாஸ். அடுத்தவரும் பாஸ். இப்போது என் முறை. த்ரீ ஹார்ட்ஸ் கேட்கத் தோன்றிய கைதான், பாஸ் சொன்னாலும் தப்பில்லாத கை. ஆனால் பார்ட்னர் தயங்கினால் அவருக்கு ஏதோ கூடுதலாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தயக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ள விதி இடம் தராது. பாஸ் போட்டேன்.

எதிராளிக்கு த்ரீ கிளப்ஸ் பலித்தது: 110. இன்னொரு மேசையில் அதே சீட்டை வைத்திருந்த எதிரணியினர் த்ரீ ஹார்ட்ஸ் கேட்டு ஒன்பது டிரிக் எடுத்தார்கள்: 140. கூட்டினால் எங்களுக்கு 250 நஷ்டம், அட்டவணைப்படி 6 இம்ப், அதாவது மாட்ச் புள்ளி. மாட்சைத் தோற்றது 4 இம்பில்.

ராத்திரி போன் செய்தேன். "என்ன சார் அவ்வளவு யோசனை?"

"யோசனையா? தண்ணி லாரி வந்துடுச்சு சார். சம்ப் மூடியைத் திறந்து விட்டுட்டு ஓடி வந்தேன். எனக்கு அது கண்ணை மூடிக்கிட்டு பாஸ்."

எட்டு அணிகளில் ஐந்தாவதாக முடித்தோம். அடுத்த சீசனில் மாட்ச் நாட்களில் சம்ப் வேலையைக் கீழ்வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டார். இப்போது அவர் தாமதித்தால் யோசிக்கிறார் என்றே அர்த்தம். என் பாடுதான் இன்னும் கஷ்டம்.