பள்ளியில் கடைசி ஆண்டு, காலில் பந்து: அடுத்து என்ன?

செம்பவாங்கில் வளர்ந்தவரா நீங்கள்? உங்கள் வட்டாரத்தின் பெயரில் ஒரு தொழில்முறைக் காற்பந்துக் குழு இருந்தது தெரியுமா?

செம்பவாங் ரேஞ்சர்ஸ். 1996இல் எஸ்-லீக் தொடங்கியபோது களமிறங்கிய 8 குழுக்களில் அதுவும் ஒன்று. ஈசூன் விளையாட்டரங்கம்தான் அதன் சொந்தத் திடல். 2003 பருவத்தோடு அது லீக்கிலிருந்து விலகியது.

குழு போய்விட்டது. பந்து உதைக்கும் பிள்ளைகள் போகவில்லை. அவர்களில் நீங்களும் ஒருவர், பள்ளி அணியில் முக்கிய ஆட்டக்காரர், இது உங்கள் கடைசி ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எங்கே போகலாம்?

கடைசி ஆண்டு ஏன் முக்கியம்?

அமெரிக்கன் ஃபுட்பாலைப் பாருங்கள். அங்கே கல்லூரி அணியின் குவார்ட்டர்பேக் தமது நான்காம் ஆண்டுக்குள் நுழையும்போது எல்லாருடைய கண்ணும் அவர்மேல்தான். தொழில்முறைக் குழுக்கள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' அந்தப் பருவம் முடிந்ததும் வரும். அப்படியும், கல்லூரியில் ஆடுவோரில் 100க்கு இரண்டு பேர்கூட என்எஃப்எல் லீக்கை எட்டுவதில்லை.

ஆனால் அந்த வீரருக்கு 22 வயதுவரை நேரம் இருக்கிறது. இங்கே ஆண்களுக்கு 18 வயதிலேயே நாள்காட்டி குறுக்கே வந்து நிற்கும். காரணம், என்எஸ் எனப்படும் தேசிய சேவை.

தேசிய சேவையைத் தள்ளிப்போட முடியுமா?

முழுநேரத் தேசிய சேவை 2 ஆண்டு. தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி போன்ற படிப்புகளை முடிக்கும்வரை பொதுவாக ஒத்திவைப்புக் கிடைக்கும். பல்கலைக்கழகப் படிப்புக்குப் பொதுவாகக் கிடைக்காது.

விளையாட்டுக்கு? கிடைக்கும், ஆனால் மிக அரிது. ஒலிம்பிக் போன்ற அனைத்துலகப் போட்டிகளில் சிங்கப்பூருக்குப் பதக்கம் வெல்லும் வாய்ப்புள்ள விதிவிலக்கான வீரர்களுக்கு மட்டுமே. 2018ஆம் ஆண்டு நிலவரப்படி, அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் மூவருக்குத்தான் அப்படி ஒத்திவைப்புக் கிடைத்ததாகத் தற்காப்பு அமைச்சு கூறியது.

நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங்கிற்கு 2013இல் ஒத்திவைப்புக் கிடைத்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணியில் 50.39 விநாடியில் தங்கம் வென்றார்.

காற்பந்தில் கதை வேறு. 2018இல் பென் டேவிஸ் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் குழுவுடன் தொழில்முறை ஒப்பந்தம் செய்தார். இங்கிலிஷ் பிரிமியர் லீக் குழு ஒன்றுடன் அப்படி ஒப்பந்தம் செய்த முதல் சிங்கப்பூரர் அவர்தான். ஒத்திவைப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. தனிப்பட்ட வாழ்க்கைத்தொழிலுக்காக ஆடுவது தகுதியாகாது என்பது அமைச்சின் நிலைப்பாடு. அவர் சேவையில் சேரவில்லை. பின்னர் தாய்லந்தின் இளையர் அணிக்கு ஆடினார்.

'திறமை இருந்தால் விட்டுவிடணும்' என்றனர் சிலர். 'எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே?' என்றனர் வேறு சிலர். நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, உங்கள் திட்டத்தை ஒத்திவைப்புமேல் கட்டாதீர்கள்.

அப்போ அந்த 2 ஆண்டு வீணா?

அப்படிச் சொல்ல முடியாது. இல்ஹான் ஃபாண்டியைப் பாருங்கள். 2022இல் அல்பிரெக்ஸ் நீகாட்டா குழுவுடன் சிங்கப்பூர் பிரிமியர் லீக் கிண்ணத்தை வென்றார். 2023 ஜனவரியில், 20 வயதில், பெல்ஜியத்தின் டெய்ன்ஸ் குழுவுக்குப் போனார்.

2024 முடியும் வேளையில் டெய்ன்ஸ் நொடித்துப்போனது. இல்ஹான் தாய்லந்தின் புரிராம் குழுவுக்கு மாறினார். 2025 நவம்பர் 18இல் ஹாங்காங்குக்கு எதிராக சிங்கப்பூர் 2-1 என வென்ற ஆட்டத்தில் கோல் போட்ட இருவரில் அவரும் ஒருவர். அந்த வெற்றியால்தான் சிங்கப்பூர் முதன்முறையாகத் தகுதிச்சுற்று வழியாக ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைந்தது. 1984இல் ஆடியது ஏற்று நடத்திய நாடு என்பதால்.

பெரிய குழுவின் ஒப்பந்தமும் ஒரே நாளில் காணாமல் போகலாம். இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் கதவு திறக்கலாம். தொடர்ந்து ஆட்டத்தில் இருப்பதுதான் கணக்கு.

உங்கள் முன் உள்ள வழிகள்

• உள்ளூர் லீக்: குழுக்களின் இளையர் அணிகள் வழியாக சிங்கப்பூர் பிரிமியர் லீக்கை எட்டலாம். 23 வயதுக்குட்பட்டோருக்கான யங் லயன்ஸ் 2003 முதல் லீக்கில் ஆடுகிறது.

• படிப்போடு ஆட்டம்: நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டத்தில் விளையாட்டுத் திறனைக் காட்டித் தொடக்கக் கல்லூரியில் இடம் பெறலாம். பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் திறனையும் ஆர்வத்தையும் பார்க்கும் முன்கூட்டிய சேர்க்கை உண்டு. செம்பவாங்கிற்குப் பக்கத்திலேயே, உட்லண்ட்ஸில் உள்ள ரிப்பப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி விளையாட்டு சார்ந்த பட்டயப் படிப்புகளை நடத்துகிறது.

• சீக்கிரம் சேர்வது: பெற்றோர் சம்மதத்துடன் பதினாறரை வயதிலிருந்தே தேசிய சேவையில் சேரலாம். சீக்கிரம் முடித்தால் ஆடும் வயது மிஞ்சும். ஆனால் படிப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்கணும்.

• வெளிநாடு: வி. சுந்தரமூர்த்தி 1980களின் இறுதியில் சுவிட்ஸர்லந்தின் பாசல் குழு வரை போனவர். பெண்களுக்கு தேசிய சேவைக் கட்டாயம் இல்லை என்பதால் பாதை நேராக இருக்கலாம். டெனல் டான் அமெரிக்காவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி அணியில் ஆடி, 2023இல் ஜெர்மனியின் பொருசியா டோர்ட்முண்ட் பெண்கள் அணியில் சேர்ந்தார்.

ஆட்டம் கைகொடுக்காவிட்டால்?

ஆர். சசிகுமாரை உங்கள் பெற்றோருக்குத் தெரிந்திருக்கும். 1998 டைகர் கிண்ண இறுதியாட்டத்தில், ஹனோயில், வியட்நாமை 1-0 என வீழ்த்திய கோல் அவருடையது. ஆட்டத்துக்குப் பிறகு அவர் விளையாட்டுச் சந்தைப்படுத்தல் நிறுவனம் தொடங்கினார். பயிற்சி, உடலியக்கச் சிகிச்சை, நடுவர் பணி, தரவுப் பகுப்பாய்வு எனத் திடலைச் சுற்றி வேலைகள் உண்டு. அவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும்.

இந்த ஆண்டு என்ன செய்யலாம்?

உங்கள் படிப்பு முடியும் மாதத்தையும் சேவையில் சேரக்கூடிய மாதத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். பயிற்றுவிப்பாளரிடம் ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள்: 'குழு ஒன்றின் இளையர் அணித் தேர்வுக்கு நான் தயாரா, இல்லையா?' இல்லை என்றால், எதில் குறை என்று கேளுங்கள். உங்கள் ஆட்டங்களைப் படம்பிடித்து வையுங்கள். சேவையில் சேர்ந்தபின் பயிற்சிக்கு நேரம் கிடைப்பது உங்கள் பிரிவின் அனுமதியைப் பொறுத்தது. அதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

அம்மா அப்பாவிடம் பேசும்போது, 'எனக்கு ஃபுட்பால்தான் வேணும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தத் தாளையும் காட்டுங்கள். மாதங்கள் குறித்த திட்டத்தைப் பார்த்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.